இந்தியக் கப்பலின் முன்தளத்தில் குதிரை லாடம் போல 12 குழாய்கள்: இது என்ன, கரைக்கும் சுடுமா?

வாஃப் கிளார்க், வெள்ளவத்தை:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் பழையது. 2024 ஓகஸ்ட் கடைசியில் இந்தியப் போர்க்கப்பல் ஐஎன்எஸ் மும்பை கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே நாட்களில் மூன்று சீனப் போர்க்கப்பல்களும் வந்ததால் பத்திரிகைகள் எல்லாம் அதையே எழுதின. நான் ஒரு கிளியரிங் ஏஜன்டிடம் வாஃப் கிளார்க். அன்று ஒரு கொள்கலன் விஷயமாக உள்ளே அலைந்துகொண்டிருந்தபோது கப்பலைக் கண்டேன். உள்ளே படம் எடுக்கக் கூடாது. போர்ட் பாஸ் போனால் சோறும் போய்விடும். அதனால் கையிலிருந்த டெலிவரி ஓடரின் பின்பக்கத்தில் பேனையால் கீறி வைத்தேன்.

முன் பீரங்கிக்குப் பின்னால், பிரிட்ஜுக்கு முன்னால், இரண்டு சுடுகருவிகள். ஒவ்வொன்றிலும் தடித்த குழாய்களைக் குதிரை லாடம் போல வளைவாக அடுக்கியிருந்தார்கள். எண்ணினேன், 12. ஏவுகணை வைத்திருக்கும் கப்பலுக்கு இந்தப் பழைய காலத்துச் சாமான் எதற்கு என்று அப்போது யோசித்ததோடு சரி, பிறகு மறந்துவிட்டேன்.

போன கிழமை ஃபைல்களை ஒதுக்கும்போது அந்தக் காகிதம் வெளியே வந்து மேசையில் கிடந்தது. தேத்தண்ணீர் கொண்டுவந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இதென்ன, மல்டி பரலா?” என்றார். சண்டைக் காலத்துப் பல குழாய் ரொக்கெட்டைச் சொல்கிறார். நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. “இல்லையம்மா, இது கப்பலில் இருப்பது, நீர்மூழ்கிக்கு அடிக்கிறதாக்கும்” என்றேன். “கப்பலில் இருந்தால் கரைக்கு அடிக்காதா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இது என்ன கருவி, எப்படி வேலை செய்கிறது, அம்மா கேட்டதற்கு என்ன பதில்?


கடல்காகம், தெஹிவளை:

ஆர்பியூ-6000. சோவியத் தயாரிப்பு, 1960-களின் தொடக்கத்திலிருந்து பாவனையில் இருக்கிறது. ரஷ்யப் பெயர் ‘ஸ்மெர்ச்-2’, சுழல்காற்று என்று பொருள். டெல்லி வகை, ராஜ்புத் வகை, கொல்கத்தா வகை, ஷிவாலிக் வகை என்று இந்தியக் கப்பல்கள் நிறையவற்றில் உண்டு. நீர்மூழ்கி எதிர்ப்பு ரொக்கெட். கரைக்கு இல்லை.


பழைய எஞ்சினியர், பம்பலப்பிட்டி:

தம்பி, காகம் சொன்ன பெயர் சரி. பெயரைச் சொன்னால் அம்மாவுக்கு விளங்குமா? கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நேரம் இருந்தால் வாசியுங்கள். நான் கடற்படைக்காரன் அல்ல. வணிகக் கப்பல்களில் 31 வருடம் எஞ்சின் பார்த்தவன். எந்தத் துறைமுகத்தில் போர்க்கப்பல் நின்றாலும் அதன் மேல்தளத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், உங்களைப் போலத்தான். வித்தியாசம் என்னவென்றால் நான் கீறி வைக்கவில்லை.

கதையை டெப்த் சார்ஜில் தொடங்க வேண்டும். 1916-இல் பிரித்தானியக் கடற்படைக்கு வந்த சாமான். பார்த்தால் எண்ணெய்ப் பீப்பாய். உள்ளே 300 இறாத்தல் வெடிமருந்து. தண்ணீரின் அமுக்கம் குறித்த அளவுக்கு ஏறியதும் வெடிக்கும். அதற்கு உள்ள புத்தி அவ்வளவுதான். கப்பலின் பின்பக்கத்திலிருந்து உருட்டி விடுவார்கள்.

பின்பக்கத்திலிருந்து உருட்டுவதில்தான் வில்லங்கம். சோனார் என்பது ஒலியை அனுப்பி அது பட்டுத் திரும்புவதைக் கேட்கிற கருவி. அந்தக் காலத்துச் சோனாரின் ஒலி கப்பலுக்கு முன்னால்தான் போகும். தூரத்தில் இருக்கும் நீர்மூழ்கி அதில் அகப்படும். கிட்டப் போகப் போக அது ஒலிக்கற்றைக்குக் கீழே இறங்கிவிடும். கடைசி 200 மீட்டர் அளவுக்குக் கப்பல் குருடு. இனி அது நீர்மூழ்கியின் தலைக்கு மேலாகப் போய், கடந்து, பின்பக்கத்தால் பீப்பாயை விட்டு, அந்தப் பீப்பாய் நூறு மீட்டர் ஆழத்துக்கு அமிழ வேண்டும். கீழே இருக்கும் கப்டனுக்கோ மேலே புரொப்பெல்லர் ஓடும் சத்தம் காதிலேயே கேட்கிறது. அவர் சும்மா இருப்பாரா? திரும்பிவிடுவார். சித்திரை வருடப்பிறப்புக்குக் கண்ணைக் கட்டி முட்டி உடைப்போமே, அதில் முட்டியும் ஓடித் திரிந்தால் எப்படி இருக்கும்? அதுதான் டெப்த் சார்ஜ் வேட்டை. வெடித்த பிறகு தண்ணீர் கலங்கிக் குமிழியாகக் கிடக்கும். கொஞ்ச நேரத்துக்குச் சோனாருக்கும் ஒன்றும் கேட்காது.

அதனால்தான் முன்னுக்கு எறிகிற யோசனை வந்தது. 1942-இல் பிரித்தானியர் கொண்டுவந்த கருவிக்கு முள்ளெலி என்று பெயர். தளத்தில் கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வைத்த பெயர். ஒரே வீச்சில் 24 சின்னக் குண்டுகள், கப்பலுக்கு 200 மீட்டருக்குச் சற்று அப்பால், வட்டமாகப் போய் விழும். நீர்மூழ்கி இன்னும் சோனாரில் தெரிந்துகொண்டிருக்கும்போதே எறியலாம் என்பதுதான் இதில் விசேஷம். இன்னொன்றும் உண்டு. பட்டால்தான் வெடிக்கும். படாவிட்டால் சத்தமில்லாமல் கடலுக்கு அடியில் போய்விடும், தண்ணீரும் கலங்காது. மாலுமிகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லையாம். டெப்த் சார்ஜ் விட்டால் பெரிய சத்தம், மேலே எழும் தண்ணீர்த் தூண், ஏதோ செய்த திருப்தி. முள்ளெலி எறிந்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியரின் கணக்குப்படி 5,174 டெப்த் சார்ஜ் தாக்குதல்களில் எண்பத்தைந்தரை நீர்மூழ்கிகள் அழிந்தன. அரை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், இன்னோர் ஆயுதத்தோடு பங்கு போட்ட கணக்கு அது. முள்ளெலியில் 268 தாக்குதல்கள், 47 நீர்மூழ்கிகள். அங்கே அறுபதுக்கு ஒன்று, இங்கே ஆறுக்கு ஒன்று. அமெரிக்கக் கப்பல் யூஎஸ்எஸ் இங்கிலாந்து 1944 மே மாதம் 12 நாட்களுக்குள் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது இந்த முள்ளெலியால்தான்.

நீங்கள் கண்ட 12 குழாய் அந்த முள்ளெலியின் பேரப்பிள்ளை, ரொக்கெட் பூட்டிய பேரன். 213 மில்லிமீட்டர் வாய். ஒரு ரொக்கெட் 110 கிலோவுக்கு மேல், அதில் வெடிமருந்து 25 கிலோவுக்கு உட்பட்டது. போகும் தூரம் ஏறத்தாழ 5,800 மீட்டர். பெயரில் உள்ள 6000 அந்தத் தூரத்தைத்தான் சொல்கிறது. ரஷ்யர்கள் இந்த விஷயத்தில் நல்லவர்கள், ஆர்பியூ-1200, ஆர்பியூ-2500 என்று தூரத்தைப் பெயரிலேயே எழுதி வைத்துவிடுவார்கள். எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்பதைக் கப்பலுக்கு உள்ளிருந்தபடியே குழாயில் இருக்கும் ரொக்கெட்டுக்குச் சொல்லலாம்.

எஞ்சின்காரனுக்குப் பிடித்தது இதில் ரொக்கெட் ஏற்றும் முறை. சுட்டு முடிந்ததும் குழாய்கள் எல்லாம் நேரே வானத்தைப் பார்க்க நிமிரும். தளத்தில் ஒரு மூடி திறக்கும். கீழ் அறையிலிருந்து ஒரு தூக்கி ரொக்கெட்டை ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் தள்ளும். ஒரு குழாய் நிறைந்ததும் கருவி சற்றுத் திரும்பி அடுத்த குழாயைக் காட்டும். மேல்தளத்தில் ஒரு மனிதனும் நிற்கத் தேவையில்லை. 1960-களில் செய்த பொறி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட எங்கள் எஞ்சின் அறைகளில் எண்ணெய் வால்வுகளைக் கையால்தான் சுழற்றினோம்.

ஏன் 12? ஒன்று போதாது, அதனால்தான். இதற்கு வழிகாட்டும் மூளை கிடையாது. தண்ணீரில் விழுந்ததும் கல்லைப் போல அமிழும், நொடிக்குச் சுமார் 11 மீட்டர். நீர்மூழ்கி 150 மீட்டர் ஆழத்தில் இருந்தால் அமிழவே 14 நொடி. அது எட்டு நொட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர், போனால் அந்த 14 நொடியில் ஏறத்தாழ 57 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பறக்கும் நேரம் வேறு. ஆக, நீர்மூழ்கி இருக்கும் இடத்துக்குச் சுடுவதில் பயனில்லை, அது வந்து சேரப்போகும் இடத்துக்குச் சுட வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாததால் 12 குண்டை விரித்துப் போடுகிறார்கள். வலை வீசுவது மாதிரி.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மல்டி பரல் என்று நம்மவர்கள் சொன்னது ஆர்எம்-70 வகை. செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பு, 122 மில்லிமீட்டர், 40 குழாய், 20 கிலோமீட்டர் போகும். ஊரை நோக்கி அடிக்கிற சாமான். இது அதுவல்ல என்று சொல்லுங்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன்.


வாஃப் கிளார்க், வெள்ளவத்தை:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு தரம் வாசித்தேன். முட்டி உடைப்பது நன்றாக விளங்கியது.

ஒரு சந்தேகம். இப்போது தண்ணீருக்குள் தானாகத் தேடிப் போய் அடிக்கும் டொர்பிடோ இருக்கிறது, ஹெலிகொப்டர் இருக்கிறது. அப்படியிருக்க இந்த மூளையில்லாத குண்டை ஏன் இன்னும் புதுக் கப்பல்களிலும் பூட்டுகிறார்கள்?


கொட்டாஞ்சேனைக்காரி:

நான் கப்பல் விஷயம் தெரிந்தவள் இல்லை. ஆனால் இந்தத் திரியை வாசித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. சண்டைக் காலத்தில், 2006, 2007 அளவில், நாங்கள் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இரவில் ‘டும்’ என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் சென்று திரும்பவும் ‘டும்’. வெடிச் சத்தம் மாதிரி காதில் அறையாது. வீட்டுக்கு அடியில் யாரோ உலக்கையால் இடிப்பது மாதிரி இருக்கும். யன்னல் கண்ணாடி லேசாக அதிரும். என் சின்ன மகன் பயந்து எழும்பினால், கடல் விக்கல் எடுக்கிறது, தண்ணீர் குடித்தால் நின்றுவிடும் என்று சொல்லிப் படுக்க வைப்பேன். கடலுக்குள் குண்டு போடுகிறார்கள் என்று கீழ் வீட்டு ஐயா சொன்னார். அதுவும் இந்த டெப்த் சார்ஜா?


பழைய எஞ்சினியர், பம்பலப்பிட்டி:

தங்கச்சி, அதே குடும்பம்தான், ஆகச் சின்னப் பிள்ளை. நீர்மூழ்கிக்கு அல்ல, சுழியோடிகளுக்குப் போட்டது. துறைமுகத்துக்குள் இரவில் நீந்தி வந்து கப்பலின் அடியில் குண்டு ஒட்டிவிடுவார்கள் என்ற பயம். பயம் வீணுமில்லை. பிறகு திருகோணமலையில் 2008 மே 10 அன்று கடற்படையின் இன்வின்சிபிள் என்ற சரக்குக் கப்பல் அப்படித்தான் மூழ்கியது. அந்தப் பயத்தில்தான் படகில் சுற்றிச் சுற்றி வந்து கையளவு வெடிமருந்தைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்தச் சத்தத்தை நீங்கள் மேலே கேட்டீர்கள், நான் கீழே கேட்டேன். கொழும்பில் சரக்கு இறக்கிக்கொண்டு நின்றோம். மெயின் எஞ்சின் நிறுத்தியிருந்தது, ஜெனரேட்டர் மட்டும் ஓடியது. நள்ளிரவு தாண்டி, எஞ்சின் அறையின் அடித்தட்டில் நான் ஒரு பம்பைக் கழற்றி வைத்துக்கொண்டு இருக்கிறேன். ‘டங்’ என்று ஒரு அடி. வெளியே நின்று யாரோ பெரிய சுத்தியலால் தகட்டில் அடித்தது போல. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பையன் ஒருவன், அந்தக் கப்பலுக்குப் புதிது, ஜெனரேட்டரில் ஏதோ உடைந்துவிட்டது என்று ஓடிப்போய் அதை நிறுத்தப் பார்த்தான். அவன் கையைப் பிடித்து இழுத்தேன். விட்டிருந்தால் முழுக் கப்பலும் இருட்டாகியிருக்கும். கிரேனில் தொங்கிய சரக்கும் அந்தரத்தில் நின்றிருக்கும். பிறகு அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அடுத்த சத்தம் வரும் வரைக்கும் பக்கத்தில் இருந்தேன். வந்தது. மூன்றாவது தரம் அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, இது என்னுடைய ஊர்த் துறைமுகம்.

அந்த ‘டங்’கில் இருக்கிறது முழு விஷயமும். காற்று அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் அமுங்காது. வெடியின் அடியை அப்படியே கொண்டுவந்து தகட்டில் வைக்கும். டைனமைட் போட்டு மீன் பிடிக்கும் கள்ளர்கள் ஏன் அதை விட மாட்டேன் என்கிறார்கள் என்று பாருங்கள், அதே கணக்கு. கையளவு மருந்து எத்தனையோ மீட்டருக்கு அப்பால் எனக்கு அப்படிக் கேட்டது என்றால், 25 கிலோ பக்கத்தில் வெடிக்கும்போது நீர்மூழ்கிக்குள் இருப்பவனுக்கு எப்படி இருக்கும்?

தம்பி, உங்கள் சந்தேகத்துக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. படாவிட்டாலும் பயன்தான். தலைக்கு மேல் பன்னிரண்டு வெடித்தால் கீழே இருக்கும் கப்டன் தாக்குவதை விட்டுவிட்டுத் தப்புவதைப் பார்ப்பான். அந்த நேரத்துக்குள் நீங்கள் ஹெலிகொப்டரைக் கிளப்பலாம். மற்றப் பாதி ஆழம் குறைந்த கடல். அங்கே டொர்பிடோவின் காதுக்கு எல்லாத் திசையிலிருந்தும் எதிரொலி வரும், தரை, மேற்பரப்பு, பழைய கப்பலின் சிதைவு எல்லாமே. போலிச் சத்தம் எழுப்பியும் அதை ஏமாற்றலாம். காதே இல்லாத குண்டை யார் ஏமாற்றுவது?

சோனாரை வெப்பமே ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்துக் கடலுக்கு மிகவும் பொருந்தும். கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும், சூடான நீரில் வேகம் கூட. அதனால் மேல்நீர் சூடாகிக் கீழ்நீர் குளிராக இருந்தால் ஒலி கீழ்நோக்கி வளைந்துவிடும். 1930-களில் அமெரிக்கக் கடற்படையில் காலையில் நன்றாக வேலை செய்த சோனார் பிற்பகலில் மக்கர் பண்ணியது. கேட்பவன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிகிறான் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். பாவம், அவன் மேல் பிழையில்லை. வெயில்தான் காரணம். அந்த வளைவுக்கு அப்பால் விழும் நிழலில் நீர்மூழ்கி நின்றுகொள்ளும்.


கடல்காகம், தெஹிவளை:

எஞ்சினியர் ஐயா எழுதியதில் ஒரு திருத்தம். உண்மையில் என் திருத்தம், “கரைக்கு இல்லை” என்று முதலில் எழுதியவன் நான்தான். இந்த ஆர்பியூ-6000-ஐ உக்ரைன் போரில் ரஷ்யப் படையினர் கவச வண்டிகளில் தூக்கிப் பூட்டித் தரைக்குச் சுட்டிருக்கிறார்கள். படங்களும் வந்தன. ஆகவே அம்மா கேட்டது சரியான கேள்வி.

இன்னொன்று. இது டொர்பிடோவைத் தடுக்கவும் பயன்படும். கப்பலை நோக்கி வரும் டொர்பிடோவின் பாதையில் சுடுவார்கள்.

இந்தியா இதற்குப் புது ரொக்கெட்டும் செய்திருக்கிறது. 2025 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை ஐஎன்எஸ் கவரத்தியிலிருந்து 17 ரொக்கெட் விட்டுச் சோதித்தார்கள். கூடத் தூரம் போகும். கமோர்த்தா, கத்மத், கில்தான், கவரத்தி நான்கும் நீர்மூழ்கி வேட்டைக்கென்றே கட்டிய கப்பல்கள், நான்கிலும் இந்த 12 குழாய் உண்டு.

வேட்டைக் கப்பல் என்றால் எப்போதும் வேட்டைக்காரன் என்று நினைக்க வேண்டாம். 1971 டிசம்பர் 9 இரவு டியூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோர், ஐஎன்எஸ் குக்ரியை மூழ்கடித்தது. குக்ரி நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல்தான். முள்ளெலிக்குப் பின் வந்த லிம்போ என்ற மூன்று குழாய் மோட்டார் அதில் இருந்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. ஹங்கோரை நாட்கணக்கில் தேடினார்கள், அது கராச்சி போய்ச் சேர்ந்துவிட்டது.


பழைய எஞ்சினியர், பம்பலப்பிட்டி:

காகம், திருத்தத்துக்கு நன்றி. அம்மாவிடம் பொய் சொல்ல வைக்கப் பார்த்தேன் போலிருக்கிறது. சரி, அப்படியென்றால் தூரத்தை வைத்தே சொல்கிறேன். துறைமுகத்தில் நின்று தெற்கே சுட்டால் 5,800 மீட்டர் ஏறத்தாழ என் வீட்டுச் சந்தியோடு தீர்ந்துவிடும். வெள்ளவத்தைக்கு வராது. அம்மாவுக்கு அதைச் சொல்லுங்கள். எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டாம்.

குக்ரி பற்றி எழுதியதால் இதையும் எழுதத் தோன்றுகிறது. கொழும்போடு சம்பந்தப்பட்டது, இங்கே அநேகருக்குத் தெரியாது. 1944 பெப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு ஐந்து துருப்புக் கப்பல்கள் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஹோக்கின்ஸ் என்ற குரூஸரும் பெட்டார்ட், பலடின் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களும் காவல். 12-ஆம் திகதி, மாலைதீவுக்குக் கிட்ட, ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி ‘கெடிவ் இஸ்மாயில்’ என்ற கப்பலை அடித்தது. இரண்டு நிமிடத்துக்குள் கப்பல் போய்விட்டது. கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர், தாதிமார், 1,297 பேர் இறந்தார்கள்.

மிஞ்சியவர்கள் தண்ணீரில் மிதக்கிறார்கள். நீர்மூழ்கி அவர்களுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. நாசகாரிகளின் கையில் இருந்தது பின்னால் உருட்டுகிற பீப்பாய்தான். விட்டால் நீந்துகிறவர்கள் சாவார்கள். விடாவிட்டால் மற்ற நான்கு துருப்புக் கப்பல்களும் அதன் வாய்க்குள். விட்டார்கள்.

அடி தாங்காமல் ஐ-27 மேலே வந்தது. பலடின் அதை இடிக்கப் போய்த் தன் விலாவைக் கிழித்துக்கொண்டது. கடைசியில் பெட்டார்ட் டொர்பிடோக்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, ஏழாவதுதான் பட்டது. கெடிவ் இஸ்மாயிலில் வந்தவர்களில் பிழைத்தது 208 ஆண்களும் ஆறு பெண்களும்.

கடலில் இருந்த காலத்தில் மாலைதீவுப் பக்கத்தால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஒன்றரைப் பாகைக் கால்வாய் என்று அந்த வழிக்குப் பெயர். சாப்பாட்டு மேசையில் ஒரு கப்டன் இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து, அந்த இடம் வரும்போது அநேகமாக நான் கீழே எஞ்சின் அறையில்தான் இருப்பேன். வேலை இல்லாவிட்டாலும்.


கொட்டாஞ்சேனைக்காரி:

ஐயா, நான் இதை வாசித்துவிட்டு மகனிடம் சொன்னேன். அவனுக்கு இப்போது 24 வயது. “கடல் விக்கல் எடுத்ததென்று நீங்கள் சொன்னது பொய்யா?” என்று கேட்கிறான். இவ்வளவு காலமும் அதை நம்பிக்கொண்டா இருந்தாய் என்று கேட்டேன். பதில் இல்லை.


வாஃப் கிளார்க், வெள்ளவத்தை:

நேற்று இரவு அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். கெடிவ் இஸ்மாயில் கதையை விட்டுவிட்டேன். பம்பலப்பிட்டிச் சந்தியோடு நின்றுவிடும் என்றதும், “அப்போ அந்த ஐயா பாவம்” என்றார். காகம் அண்ணா சொன்ன உக்ரைன் விஷயத்தையும் மறைக்கவில்லை. “நான் சொன்னேன்தானே” என்றார்.

பிறகு காகிதத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வட்டங்களை எண்ணுகிறார் என்று நினைத்தேன். “அப்போ மீன்?” என்று கேட்டார். நீர்மூழ்கிக்குப் போடுவது மீனுக்கு என்ன செய்யும் என்று கேட்கிறார். அப்பா உயிரோடு இருந்தபோது பூநகரிக் கடலில் சிறகுவலை போட்டவர், அதனால் அம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் முதலில் ஓடும். ஐயா, தெரிந்தால் சொல்லுங்கள்.


பழைய எஞ்சினியர், பம்பலப்பிட்டி:

செத்து மிதக்கும், தம்பி. வயிற்றுக்குள் காற்றுப் பை உள்ள மீன்களுக்கு அந்தப் பைதான் முதலில் வெடிக்கும். பாரை, விளை, கலவாய் எல்லாம் அதில் போகும். சுறாவுக்கும் திருக்கைக்கும் அந்தப் பை கிடையாது, கொஞ்சம் தாங்கும். உலகப் போரில் டெப்த் சார்ஜ் விட்ட பிறகு மாலுமிகள் வாளியும் வலையும் கொண்டு மீன் அள்ளியிருக்கிறார்கள். நீர்மூழ்கி அகப்படாத நாட்களிலும் அன்றிரவு கறி இருக்கும்.

அம்மாவிடம் அந்த டெலிவரி ஓடரைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் கொள்கலன் இலக்கத்தை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள், வேலை போய்விடும்.